இரண்டாவது பெயர்

மோர்டன், லண்டன்
12.10.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலை ஆர்ச்வே கோயில் முருகனிடம் கேட்டேன். உங்கள் இருமல் குறைந்ததா?

வேலையில் ஒரு சின்னச் சிக்கல், பயப்படாதீர்கள். எங்கள் மின்னஞ்சல் நிறுவனத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. அரசை எதிர்த்து வாய் திறக்க முடியாத ஒரு நாட்டின் பொலிஸ், சென்ற வருடம் ஒருவரின் பெயரும் முகவரியும் கேட்டது. எடுத்து அனுப்பினேன். பத்து நிமிட வேலை. அவர் பள்ளி ஆசிரியராம். மின்னஞ்சலில் அரசைக் குறை சொன்னதற்கு எட்டு வருடச் சிறை. அவருடைய மனைவி எங்களுக்கு எழுதிய கடிதத்தைப் போன வாரம் படித்தேன்.

நேற்று அதே பொலிஸ் இன்னொரு பெயர் கேட்டது.

"என்னால ஏலாது," என்றேன்.

"கொடுக்கலனா அங்க நம்ம ஆபீஸ மூடிடுவாங்க, மயூரா. நாற்பது பேரு வேலை போயிடும்," என்றார் மேலதிகாரி பரமேஸ்வரன், மலேசியத் தமிழர். கெட்டவர் இல்லை. அவரே அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை.

திரும்பவும் கேட்பார்கள். வேலையை விட்டால் விசாவும் போய்விடும். எனக்கு வழி தெரியவில்லை அப்பா.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரியாவது வையுங்கள்.

வேலையில் மதிய இடைவேளை முடிகிறது. ஒன்றே ஒன்று. முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தீர்கள். சண்டைக் காலத்தில் இராணுவம் வந்து மற்றவர்களின் கடிதங்களைக் கேட்டபோது என்ன செய்தீர்கள்? உண்மையை எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மயூரா