செல்லத்தாய் படிப்பும் இரண்டு கமர்கட்டும்

தூத்துக்குடி
1948 ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

பம்பாயில் இருக்கும் அருமை மகன் சங்கரபாண்டியனுக்கு அப்பா காசிலிங்கம் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி செல்லத்தாய், கடை, கடைப்பூனை எல்லாரும் முருகன் புண்ணியத்தில் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் உன் அம்மா என்னை விடுகிறாளா.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள். உன் அப்பன் இந்த நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறான். பள்ளிக்கூடம் நம் வீட்டு அடுப்படி, வாத்தியார் உன் தங்கச்சி, பிரம்புக்குப் பதில் அகப்பை. மூன்றாம் வகுப்போடு ஓடிவந்தவனுக்கு இப்போது என்ன இங்கிலீஷ் என்று கேட்பாய். கப்பலுக்குக் காய்கறியும் கோழியும் ஏற்றுகிற கடை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கையாலும் கண்ணாலும் பேசிச் சமாளித்தேன். போன மாதம் கச்சான் காற்றில் லாஞ்சிப் படகு ஏறிப் போய் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் பட்லரிடம் கோழி வேண்டுமா என்று கேட்கக் கையை மடக்கிச் சிறகடித்துக் காட்டினேன். எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று அவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டான். லாஞ்சிக்காரப் பொன்னுதுரை அதைத் துறைமுகம் பூராவும் பரப்பி, இப்போது நான் போனாலே சுமைதூக்குகிற பயல்கள் சிறகடிக்கிறான்கள். அதனால்தான் இந்தப் படிப்பு.

இந்த வாரம் நடந்த பாடம் கூட்டப்பெயர். கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து குரூ என்று ஒரே சொல்லாம். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் பண்ணினால் இஸ் போட வேண்டுமாம், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் ஆர் போட வேண்டுமாம். தனித்தனியாக என்கிற மாதிரி ஒரு சொல் பக்கத்தில் வந்து நின்றாலே போதும், கூட்டம் உடைந்து ஆர் ஆகிவிடும் என்கிறாள். அமெரிக்காக்காரன் மட்டும் அநேகமாக எல்லாத்துக்கும் இஸ்தான் போடுவானாம், இது அவளுடைய கிருபாபாய் டீச்சர் சொன்னது, உன் ஆபீஸில் யாராவது அகப்பட்டால் விசாரித்து எழுது. அது எப்படிளா அதே ஆட்கள் காலையில் ஒருமை, சாயங்காலம் பன்மை என்று கேட்டேன். நம்ம குடும்பம் மாதிரிதாம்ப்பா, சாப்பிட உக்காரும்போது இஸ், ராத்திரிக்கு என்ன குழம்புன்னு கேட்டா ஆர் என்றாள். ஆனா பெரிய காரியம்னு வந்தா நம்ம குடும்பம் எப்பவும் இஸ்தான், பெரியப்பா ஒருத்தர்தானே பேசுதாக என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கிருபாபாய் டீச்சரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள், திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். நம் குடும்பத்தில் எந்தப் பொம்பிளைப் பிள்ளையும் வெளியூரில் தங்கிப் படித்ததில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து உன் வன்னியபெருமாள் பெரியப்பா குடும்பம் என்ன சொல்லுது என்று கேட்பார், ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம், அவர் கொஞ்ச நேரம் உத்திரத்தைப் பார்த்துவிட்டு குடும்பம் வேண்டாங்குது என்பார், முடிந்தது. அவர் உத்திரத்தைப் பார்க்கிற நேரத்தில் உன் சீனித்தாய் அத்தை பக்கத்தில் இருந்து முணுமுணுப்பாளே, அதுதான் குடும்பத்தின் சொல்லாக வெளியே வருகிறது என்று நான் ரொம்ப நாளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செல்லத்தாயோ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் உன் அப்பன் ஒரு தந்திரம் பண்ணினான். அத்தை வாயை அடைத்துவிட்டால் போதும் என்று, தேங்காயும் கருப்பட்டியும் போட்டு உருட்டின கமர்கட்டைக் கடைச் சாடியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, நேற்று எல்லாரும் கூடி உட்கார்ந்ததும் தட்டில் வைத்து நீட்டினேன். இருக்கிறதிலே பெரிசு உன் அத்தைக்கு.

அத்தை எடுக்கவில்லை. ஏலே காசி, பல்லு வலியில கிராம்ப அடக்கிக்கிட்டு உயிர வச்சிருக்கேன், என்னையக் கொல்லப் பாக்கியா என்றாள். வீணாகப் போகக்கூடாது என்று உன் பெரியப்பா அவள் பங்கையும் எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் ஓரத்தைத்தான் கடித்தார்கள். கேள்வி கேட்கிற நேரம் வந்தது, அவருக்குத் தாடை திறக்கவில்லை. ம் என்றார், ம்ம் என்றார், கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் நீ கேளு என்று அத்தையைப் பார்த்துக் கையைக் காட்டினார். எந்த வாயை அடைக்கப் போனேனோ அது ஒன்றுதான் வீட்டில் காலியாக இருந்தது.

அத்தைக்கு உத்திரத்தைப் பார்த்துக் கேட்கத் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த உன் பெரியம்மாவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருத்தராகக் கேட்டாள். ஏளா நீ என்ன சொல்லுத என்றதும் பெரியம்மா திகைத்துப்போய், எங்கிட்டயா கேக்கீக மயினி என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வயசுப் பிள்ள, அங்கன போய்த் தனியா இருக்க வேண்டாம் என்றாள். நான் போகட்டும் என்றேன். அடுப்படியில் நின்ற உன் அம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அழுவாள் என்றுதான் நினைத்தேன், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எம்பிள்ள போகட்டும் மயினி, அழுகையெல்லாம் அவ பஸ் ஏறின பெறவு வச்சுக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். செல்லத்தாயையும் கேட்டாள். என்னைத் தினமும் விரட்டுகிற வாத்தியாருக்குத் தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை, போகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்போது உன் அம்மா உள்ளேயிருந்து, நீங்க என்ன சொல்லுதீக மயினி என்று ஒரு குரல் கொடுத்தாள். அத்தை கிராம்பை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, என்னையக் கெட்டிக் குடுக்கும்போது கூட ஒரு ஆளு இப்பிடிக் கேக்கலளா என்றாள். பிள்ள போகட்டும், லீவு விட்டா மட்டும் ஒழுங்கா வீடு வந்து சேரணும் என்றாள்.

அதற்குள் கமர்கட்டு கரைந்து பெரியப்பாவுக்கு வாய் திறந்துவிட்டது. தண்ணீர் குடித்தார், துண்டால் துடைத்தார், உத்திரத்தைப் பார்த்தார். குடும்பம் போகச் சொல்லுது என்றார். செல்லத்தாய் பக்கம் திரும்பி, உன் பெரியம்மாவைத் தவிர என்றார். நம் வீட்டில் தவிர என்கிற சொல்லை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. இதற்கு என்ன போட வேண்டும்ளா என்று செல்லத்தாயிடம் கேட்டேன், அழுதுகொண்டே ஆர் என்றாள். பிற்பாடு அத்தையிடம் மெதுவாக, இத்தனை வருஷமும் அண்ணாச்சி காதில் என்ன முணுமுணுத்தாய் என்று விசாரித்தேன். பல்லு வலியைத்தான் என்றாள். அவ்வளவு நாளும் அவளை வைதது என் பாவம், நீயும் மனதுக்குள் வைதிருந்தால் விட்டுவிடு.

தம்பி, அங்கே மழை பிடித்திருக்கும், குடையை ஆபீஸில் மறந்துவிட்டு நனைந்து வராதே. ஓட்டல் குழம்பைக் குறைத்துக்கொள். பொன்னுதுரை கொழும்புத் தோணிக்காரர்களிடம் சொல்லி உனக்குப் பேனா வாங்கித் தருகிறேன் என்கிறான், அவன் சொன்னதை நான் எழுதிவிட்டேன், நம்புவது உன் பாடு. தங்கச்சிக்கு அடிக்கடி எழுது, புதிய இடம், முதல் ஒரு மாதம் அவளுக்கு ஏக்கமாக இருக்கும். இங்கிலீஷில் எழுதினால் எனக்கும் ஒரு நகல் அனுப்பு, நானும் திருத்திப் பார்க்கிறேன். முருகன் உனக்கு நல்ல உடம்பும் நல்ல பேரும் கொடுத்து, எங்கள் கண்ணுக்கு முன்னால் சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்தட்டும். அத்தைக்குப் பல்வலிக்கு அங்கே ஏதாவது நல்ல மருந்து இருந்தால் வாங்கி அனுப்ப மறவாதே.

இப்படிக்கு
உன் அன்புள்ள அப்பா
வே. காசிலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் திங்கட்கிழமை ஆகிவிட்டது. காலையில் பஸ் ஸ்டாண்டில் செல்லத்தாய் பெட்டியை யாரையும் தொடவிடாமல் நானே பஸ் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். அது ஏரல் பஸ். செல்லத்தாய் பக்கத்தில் நின்ற பாளையங்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். இரண்டும் நேரத்துக்குப் புறப்பட்டன.