சுடுகாட்டுக்கு வந்த புது மெஷின்

தோட்டத்து வீடு, சுவா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள முகுந்தன் அண்ணனுக்கு,

தங்கை மோகனா எழுதுவது. ஜொகூரில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே மகள் புனிதா சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி வாயைத் திறந்தால் வசவுதான் வருகிறது, அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். கோயில் கமிட்டியின் வாட்ஸப் குழுவில் போட்டால் ஆளுக்கொரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

விஷயம் அந்தச் சுடுகாட்டுப் புல்லு மெஷின்தான். தோளில் மாட்டி வெட்டுகிற பழைய மெஷின் போன தீபாவளிக்கு முன்பே படுத்துவிட்டது. கார்புரேட்டர் போய்விட்டது, சாமான் கிடைப்பது கஷ்டம் என்றார் கடைக்காரர். நீங்கள் கமிட்டித் தலைவர். நல்ல மெஷினைத் தூக்கிப் போடக்கூடாது, ஜொகூரில் சாமான் தேடி எடுத்துவந்து நானே மாட்டித் தருகிறேன் என்றீர்கள். துணைத்தலைவர் சந்திரன் புதுசு வாங்காமல் விடமாட்டேன் என்று குதித்தார். நீங்கள் வரவும் இல்லை, அவரை வாங்க விடவும் இல்லை. இரண்டு பேரும் வாய்ஸ் மெசேஜில் மாறி மாறிக் கத்தினீர்கள். கமிட்டி ஆட்கள் கூட்டம் போட்டு, தே தாரிக் குடித்து, ஏப்பம் விட்டுக் கலைந்தார்கள். சுடுகாட்டில் லாலான் புல் இடுப்புக்கு மேலே போய்விட்டது. சீ, ஒருத்தருக்காவது வெட்கம் இருந்ததா?

போன மாதம் சந்திரன் யாரையும் கேட்காமல் புதுசு வாங்கி வந்துவிட்டார். என்ன மெஷின் தெரியுமா? நாலு சக்கரம் வைத்து, பங்களா வாசலில் தள்ளிக்கொண்டு போவார்களே, அது. அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்துக்கு நீங்கள் பதிலே போடவில்லை. ரோஷம்!

லாலானுக்குள் அந்த மெஷின் ஒரு முழம்கூட நகரவில்லை. உடனே ஆள் வைத்து, பாராங் கத்தியால் புல்லைச் சாய்த்தார்கள். கத்தியாலேயே முடிகிற வேலைக்கு எதற்கடா இத்தனை நாள் சண்டை என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. அப்படியும் மண்மேடு தட்டுகிறதாம், தலைமாட்டில் நட்ட பெயர்க்கட்டை சக்கரத்தில் சிக்குகிறதாம். சந்திரன் என்ன செய்தார் கேளுங்கள். மேட்டையெல்லாம் கொத்தி நிரவிவிட்டார். கல் வைத்தவர்களை விட்டுவிட்டு, கட்டை நட்டவர்களின் கட்டையையெல்லாம் பிடுங்கி, விறகு மாதிரி வேலியோரம் அடுக்கிவிட்டார்.

உங்கள் மச்சானுடைய கட்டையும் அதில்தான் கிடக்கிறது அண்ணே. யோகேந்திரன் என்று நீங்கள் வெள்ளைச் சாயத்தில் எழுதிய கட்டை.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று என்னையும் புனிதாவையும் தெருமுனையோடு நிறுத்திவிட்டீர்கள். பால் ஊற்றவும் ஆண்கள்தான் போனீர்கள். தலைத்திவசத்துக்குக் கல் வருகிற வரைக்கும் பெண்கள் அங்கே கால் வைக்கக்கூடாது என்று சொன்னதும் நீங்கள்தான். சரி என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது கல் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை இடம் பார்க்கலாம் என்று நானும் புனிதாவும் போனோம்.

பார்த்தால் பச்சைப்பசேல் என்று பந்தாடுகிற திடல் மாதிரி கிடக்கிறது. என்னவரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று, அங்கே கமிட்டி ஆட்களோடு நின்ற சந்திரனைக் கேட்டேன். வேலிப்பக்கம் என்று கையைக் காட்டினார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று புனிதா கேட்டதும் மரத்துப்பக்கம் என்றார். கூட நின்றவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் சந்திரன் என்னிடம், "எல்லாம் நம்ம ஆளுங்கதானே லா மோகனா, எங்க நின்னு கும்பிட்டா என்ன? இப்ப எவ்வளோ கிளீனா இருக்கு பாரு" என்று பல்லைக் காட்டினார். கொண்டுபோன பாலை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் வீட்டுக்கே எடுத்து வந்து சிங்க்கில் கொட்டினேன். புனிதா அன்று சாப்பிடவே இல்லை.

சந்திரனை மட்டும் திட்டுகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தச் சாமானைக் கொண்டுவந்து மாட்டியிருந்தால், அல்லது வாங்கித் தொலை என்று ஒரு வார்த்தை சொல்லி நல்ல மெஷினாக வாங்க வைத்திருந்தால், கட்டை நட்ட இடத்தில் நின்றிருக்கும். உங்கள் வீம்பும் அவர் வீம்பும் சேர்ந்து என் புருஷனைத் தொலைத்துவிட்டன. உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரே அருவருப்புதான்.

திவசம் அடுத்த வெள்ளிக்கிழமை. மகன் இல்லாத வீடு என்று முன்னால் நின்று எல்லாம் செய்தது நீங்கள். தலைமாட்டில் நின்று முதல் மண் போட்டதும் நீங்கள். இடம் உங்களுக்குத்தான் தெரியும். மெஷின் சாமானும் வேண்டாம், சந்திரனிடம் நியாயம் கேட்கவும் வேண்டாம், பஸ் ஏறி வாருங்கள்.

ஒருவேளை உங்களுக்கும் ஞாபகம் இல்லையென்றால், அதை என்னிடம் சொல்லிவிடாதீர்கள் அண்ணே. வந்து, தடுமாறாமல் நடந்து போய், ஓர் இடத்தில் நின்று, இதுதான் என்று கை காட்டுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன்.

கோபம் தீராத, ஆனாலும் வாசலைப் பார்த்திருக்கும்
உங்கள் தங்கை
மோகனா