அப்பாவின் கட்டைவிரல்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் ஹாஸ்டல் அறையில் இருக்கிறாளே, எல்லாவற்றுக்கும் சிரிக்கிற தோழி, அவளிடம்கூட வேண்டாம். போனில் அம்மாவிடம் மூச்சு விட்டுவிடாதே. படித்ததும் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுவிடு. அப்பா என் கையைத் தன் தலைமேல் வைத்து, யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் வாய் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன். இதுவும் சத்தியத்தை மீறுவதுதானா என்று தெரியவில்லை. எழுதினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதாவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு இந்த வாரம் தையல் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. அப்பா முன் அறையில் படுத்திருக்கிறார். போன் அவர் தலைமாட்டில் இருப்பதால் உன்னிடம் பேச முடியாது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதப் போனேன். வேண்டாம். அம்மா நலம். நான் நலம், கணக்கில் மட்டும் மார்க் குறைந்துவிட்டது. பூனை பட்டறையில் பழைய சாக்கின்மேல் குட்டி போட்டிருக்கிறது. அப்பா அதை விரட்டாமல், தான் உட்காரும் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நாம் சாணைப் பட்டறைக்குள் கால் வைத்தாலே கத்துவாரே, நினைவிருக்கிறதா? அதே அப்பா கொஞ்ச நாளாக, நான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, “பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன்” என்று கூப்பிடுகிறார். ஏன் என்று சொல்கிறேன்.

கறிக்கடை மாமாவின் பெரிய வெட்டுக்கத்திகளை நீ பார்த்திருக்கிறாய். முன்பக்கம் வயிறு தள்ளி, பிடிக்குப் பக்கத்தில் உள்ளே குழிந்து வளைந்திருக்குமே, அவைதான். வயிற்றுப் பக்கத்தைத் தீட்டுவது சுலபமாம். உள்வளைவுதான் தொல்லை. பெரிய கல் அங்கே படாது, சின்ன உருளைக்கல்லில் கொடுத்துத்தான் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டினால் மறுபக்கம் மயிரிழைபோலப் பிசிறு எழும்பும். அது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் கூரின் குறுக்கே லேசாகத் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். பிடியிலிருந்து நுனிவரை தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் போதும், கத்தியைத் திருப்பிக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கே இப்போதுதான் தெரியும்.

அப்பாவுக்கு அந்தப் பிசிறு தட்டுப்படவில்லை, அக்கா. தட்டுப்படாததால், இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை என்று தேய்த்துக்கொண்டே போயிருக்கிறார். கூர் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் கறிக்கடை மாமா வந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பலகைமேல் வைத்தார். உள்ளே இரும்புத் துணுக்கு. எலும்பை வெட்டும்போது கத்தியின் கூர் உடைந்து, அந்தத் துணுக்கு கறி வாங்கினவர் வீட்டுக் குழம்புவரை போய்விட்டதாம். “அண்ணே, நான் கறி விக்கிறேன், ஆணி விக்கல” என்றார். அப்பா, இரும்பு சரியில்லை என்று சமாளித்தார். “இத்தனை வருஷமா நல்லா இருந்த இரும்பு, இப்பதான் உங்களைப் பாத்துக் கெட்டுப் போச்சா?” என்று கேட்டுவிட்டு மாமா போய்விட்டார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். டம்ளரில் ரத்தம் ஒட்டியது. விரலைக் காட்டச் சொன்னேன். கட்டைவிரல் முழுக்க, காய் நறுக்குகிற பலகை மாதிரி, குறுக்கும் நெடுக்கும் கீறல். அறுபட்டது தெரியவில்லையா என்று கேட்டதற்கு, “அட, ஆமா!” என்று யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கத்தியை என்னிடம் நீட்டினார். “உன் விரல் நல்ல விரல். பிசிறு இருக்கா இல்லையானு மட்டும் சொல்லு, போதும்” என்றார்.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நான் “வந்துருச்சு” என்றால் கத்தியைத் திருப்புவார், “உள்வளைவுல இன்னும் இல்லப்பா” என்றால் உருளைக்கல்லுக்குப் போவார். அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் கத்தியைப் பாத்துட்டு வாசலோட ஓடப் போறான்” என்று கேலி செய்தாள். அப்பாவும் சிரித்தார். அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆனால் விரல் மட்டும் இல்லை, அக்கா. போன வாரம் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெருவிலிருந்து வீடுவரை நடந்து வந்தார். அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு படுக்கும்போது, லீவில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. நீ நர்சிங் பயிற்சிக்குப் போகிற வார்டில் ஒருவர், சர்க்கரை முற்றி, காலில் ஆணி ஏறினதுகூடத் தெரியாமல் இருந்தார் என்றாயே. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறார். அதுவும் அதுதானா?

இன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ், வரத் தாமதமாகிவிட்டது. அப்பா எனக்காகக் காத்திருக்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் பட்டறை வாசலுக்கு வந்தபோது கல் சுற்றிக்கொண்டிருந்தது, ரேடியோவில் ஏதோ பாட்டு. அப்பா கூடவே விசில் அடித்துக்கொண்டு, கத்தியின் உள்வளைவைக் கல்லில் கொடுத்துக்கொண்டிருந்தார். கத்தியோடு சேர்ந்து அவருடைய ஆள்காட்டி விரலும் கல்லில் இருந்தது. கல் நகத்தைத் தின்றுகொண்டிருந்தது, அக்கா. அப்பா விசிலை நிறுத்தவே இல்லை. நான் ஓடிப் போய் சுவிட்சை அணைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “கரண்ட் போச்சா?” என்று கேட்டார்.

கழுவித் துணி கட்டிவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்று அழுதேன். “போனா, முதல்ல கல்லைத் தொடாதேம்பாரு. கல்லைத் தொடாம வீட்ல உக்காந்து பூனைக்குட்டிக்குப் பேன் பாக்கவா?” என்றார். நான் சிரிக்கவில்லை. உடனே அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “அக்காவுக்குப் பரீட்சை, அவளைக் கலைக்காத. அம்மா கேட்டா கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லிடலாம்” என்று சொல்லித்தான் சத்தியம் வாங்கினார். அப்போது அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. அப்பா என்னிடம் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

மிச்சக் கத்திகளை விடியற்காலையில் முடித்துவிடுவாராம், அந்தக் கட்டோடு. அதனால் மோட்டார் ஃபியூஸைக் கழற்றி என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று தெரியாது. வயிற்றுவலி என்று பள்ளிக்கும் போகாமல் அவர் பக்கத்திலேயே இருக்கப் போகிறேன். நீ வரும்வரை இது போதுமா?

இப்போது நான் யோசித்ததைக் கேள். நீ வந்து கோபப்படாதே, எதுவும் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதே. ரத்தம் எடுத்துப் பழக வேண்டும், டீச்சர் வீட்டில் யாருக்காவது எடுத்து வரச் சொன்னார்கள் என்று சொல். நான் கேட்டால் கையை மறைத்துக்கொள்வார். உன் படிப்புக்கு என்றால் இரண்டு கையையும் நீட்டுவார். பிறகு ரிசல்ட்டை நீயே சொல்லிவிடலாம். யார் சொன்னது என்று கேட்டால் ரத்தம்தான் சொன்னது என்று சொல். என் பெயர் வராது, சத்தியமும் அப்படியே இருக்கும்.

உன் பரீட்சை முக்கியம்தான். பரீட்சை திரும்ப வரும். நான் பெரிய மனுஷி மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு வேறு யாரிடம்

கதவைத் தட்டுகிறார். தூங்கிட்டியா பாப்பா, கட்டின துணி நனைஞ்சு போச்சு, வேற துணி இருக்கா என்கிறார். ரொம்ப வலிக்குதாப்பா என்று இங்கிருந்தே கேட்டேன்.

வலிக்கவே இல்லையாம். அக்கா, வா