ஆடிக்குள் ஒரு மருதங்கன்று

ஜூலை 4, வெள்ளி

காலையில் தூறல். ஆறு கலங்கல். கரையை மறுபடியும் ஒரு முழம் அரித்துவிட்டது.

கரையோர நீர்மருது இன்னும் கொஞ்சம் சாய்வு. பட்டை உரிந்து அடிமரம் வெளேரென்று. மேலே முசுறு எறும்புக் கூடு மூன்று. வேர்ச் சந்தில் கெளுத்தி. அந்த வேர்தான் கீழ்வயலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. வீட்டுக்காரருக்குப் புரிந்தால்தானே. இன்று கெடு வைத்துவிட்டார்.

"ஆடி ஒண்ணு வரைக்கும் பாக்கறன் அம்மிணி. பக்கத்துல நட ஒரு கன்னாச்சும் முளைக்க வெச்சுக் காட்டு. இல்லீனா சாயற மரத்த வெட்டிப்போட்டுக் கல்லுக் கட்டிருவன்."

ஜூலை 8, செவ்வாய்

மாடியில் பன்னிரண்டு பை. மாசியில் அந்த மரத்தடியில் பொறுக்கிய காய். ஊறல், சாணிப்பால், எல்லாம் ஆயிற்று. முளைத்தது: கீரை இரண்டு, தக்காளி ஒன்று. வேளாண் ஆபீஸ் கிருஷிபவனில் கன்று கேட்டால் தென்னங்கன்றுதானாம்.

இவர் தினமும் காப்பியோடு மாடிக்கு வந்து, "தோப்பு எப்படிங்க இருக்குது?" என்கிறார். கடுப்பு. சிரிப்பும்தான்.

சித்தூரில் வாங்க: உப்பு, சோப்பு, கொசுவத்தி.

ஜூலை 11, வெள்ளி

களையெடுப்பு. ராசாத்தியோடு நான்கு பேர். வரப்பில் ஒரு பச்சை இருக்கக் கூடாது என்று நானே விரட்டினேன். கடைசிப் பிடியை ராசாத்தி தூக்கிக் காட்டினாள்.

"ஏனுங்கக்கா, இதென்னுங்க, வேர்ல றெக்க வெச்ச காயி?"

வாங்கிப் பார்த்தேன். மருதங்காய். ஐந்து இறக்கை. ஆற்றில் மிதந்து, வாய்க்காலில் வந்து, சேற்றில் தானாக முளைத்திருக்கிறது. அத்தனையையும் களை என்று பிடுங்கவைத்த புத்திசாலி நான்.

"மிச்சமெல்லாம் எங்க?"

"ஆட்டுக்குக் கட்டி ஊட்டுக்கு அனுப்பிப்போட்டனுங்களே!"

ஓடினோம். ஆடு முக்கால்வாசி முடித்திருந்தது. வாயிலிருந்தே இழுத்தோம். தேறியது மூன்று. பெரிய மரத்தின் பக்கத்தில், கரைச் சேற்றில் நட்டேன். இவரிடம் மூச்சு விடவில்லை. வாடினால் மானம் போகும்.

ஜூலை 14, திங்கள்

பேய்மழை. ஒரு கன்று ஆற்றோடு போயிற்று. அழுதுவிட்டேன். மற்ற இரண்டும் தலை சாய்ந்து. இவர் மரம் வெட்டுகிறவரை வியாழனன்று வரச் சொல்லிவிட்டார்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. வெயில்! இரண்டும் நிமிர்ந்துவிட்டன. ஒன்றில் செம்பு நிறத்தில் புதுக்கொழுந்து.

இவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்தார். இலைக்காம்பு சேருமிடத்தில் இரண்டு மரு. தடவினார். பெரிய மரத்தின் கிளையை வளைத்து அந்த இலையிலும் தடவிப் பார்த்தார். அதே இரண்டு மரு. அங்கேயே நின்று மரம் வெட்டுகிறவருக்குப் போன்.

"நாளைக்கு வர வேண்டாங்க. எங்கூட்டு மரம் புள்ள பெத்திருக்குது. பச்ச ஒடம்புக்காரிய வெட்டப்படாதுங்க."