கம்பெனி வாசல் அல்லி

கும்மிடிப்பூண்டி
7.7.2024

அன்புத் தம்பி பாக்கியநாதனுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். போன் செய்தால் உன் பெண்டாட்டி மோனிகாதான் எடுக்கிறாள். "இப்பத்தான் வெளியே போனாரு அண்ணி" என்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் இப்பத்தான் போகிறாய். அதனால்தான் கடிதம்.

என் மகள் ஸ்நேகா ஏழாம் மாதம், பிரசவத்துக்கு வந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். வீட்டு முற்றத்தில் சிமெண்ட் தொட்டி வைத்து அல்லி வளர்க்க வேண்டும், மீன் விட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "மாமா கம்பெனி வாசல்ல கொளம் கட்டி வளத்துக்கினு இருந்தாரே, அவுர கேளும்மா" என்கிறாள். எப்படி என்று எழுது.

இன்னொன்று. மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. மே மாதத் திருவிழாவுக்கு வந்தபோது நான் சொம்பில் கொடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தாய். நம் தெருக்காரர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் யார் என்று உனக்கும் தெரியும். திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கியதும் நீயும் அவர்களோடு சேர்ந்துவிட்டாயா?

அக்கா
ஆரோக்கியமேரி

திருநின்றவூர்
15.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வயிறு சரியில்லை, டாக்டர் சொன்னார். அவ்வளவுதான்.

அல்லிக் கிழங்கை அகல வாய்ச் சட்டியில் களிமண் போட்டு நட வேண்டும். மாட்டுச் சாணம் வேண்டாம், தண்ணீர் அழுகிப்போகும். மண் கலங்காமல் மேலே கூழாங்கல் பரப்பிச் சட்டியைத் தொட்டிக்குள் இறக்கு. ஆறு மணி நேரமாவது வெயில் விழட்டும். கொசு வராமல் நாலு கப்பி மீன் விடு.

நம் போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதே. உப்பு. மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்று. ஸ்நேகாவுக்கும் கேன் தண்ணீரே வாங்கிக் கொடு. பிள்ளைத்தாய்ச்சிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. மறந்துவிடாதே அக்கா.

தம்பி
பாக்கியநாதன்

கும்மிடிப்பூண்டி
4.8.2024

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னால் நான் என்றைக்குக் கேட்டேன்? பெரிய தொட்டியில் போர் தண்ணீரைத்தான் விட்டேன். மிச்சமிருந்த ஒரு கிழங்கை, போனால் போகிறதென்று, மழைத் தண்ணீர் பிடித்த பழைய டிரம்மில் போட்டேன்.

பெரிய தொட்டியில் மீன் மறுநாளே மிதந்தது. அல்லி இலை ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்டுவிட்டது. டிரம்மில் மொட்டு வந்திருக்கிறது.

நானும் அந்தப் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. ஒரு மாதிரி துரு வாடைதான். அப்படியானால் நீ ஏன் உப்பு என்று எழுதினாய்? கம்பெனிக் கழிவைச் சுத்தம் செய்த தண்ணீரில்தான் வாசல் குளத்து அல்லி பூக்கிறது என்று ஊரையே கூட்டிக் காட்டினாயே, அப்படிப்பட்ட அல்லி என் போர் தண்ணீரில் மட்டும் ஏன் சாகிறது?

உங்கள் கம்பெனி செக்யூரிட்டி சடையப்பனிடம் கேட்டேன். "இன்னாக்கா நீ, அந்தக் கொளத்துக்கு டேங்கர் லாரியில இல்ல தண்ணி வருது. எட்டு வருசமா நான்தான் கேட்டத் தொறந்து உடுறேன்" என்றான்.

உன் வயிறு எப்போது சரியில்லாமல் போனது பாக்கியம்? போன வருஷம் பிள்ளைகளைப் பாதிப் படிப்பில் பள்ளிக்கூடம் மாற்றி, சொந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாயே, அப்போதா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறைக்காமல் எழுது.

அக்கா
ஆரோக்கியமேரி

திருநின்றவூர்
12.8.2024

அக்கா,

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

அந்தக் குளம் வந்து பார்க்கிறவர்களுக்காகத்தான். கம்பெனிக் கழிவுத் தண்ணீரில் பாதியைத்தான் சுத்தம் செய்வோம். மீதியைப் பின்பக்கம் வற்றிப்போன ஒரு பழைய போருக்குள் இறக்கச் சொல்வார்கள். வால்வைத் திறந்தது நான். முழுக்கச் சுத்தம் செய்ததாக ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான். ஊர்த் தண்ணீரில் வாடை வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னேன். சென்னை ஆபீசுக்கு மாற்றல் கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருவிழாவில் உன் சொம்பைத் தொட என் கை கூசியது. நீ நினைத்தது அதுவல்ல அக்கா, சத்தியமாக அதுவல்ல.

ஸ்நேகாவை உடனே இங்கே கூட்டி வா. மோனிகா பார்த்துக்கொள்வாள். தெருவில் யாரிடமும் சொல்லாதே. வெளியே வந்தால் முதலில் ஜெயிலுக்குப் போகிறவன் நான்தான்.

பாக்கியம்

கும்மிடிப்பூண்டி
21.8.2024

பாக்கியநாதனுக்கு,

நீ தலைக்கனத்தில் தண்ணீர் குடிக்கவில்லை என்று மூன்று மாதம் உன்னைத் திட்டினேன். அது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது அழுகிறேன். எங்களை மட்டமாக நினைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாயே.

ஸ்நேகாவை நேற்றே அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உன் வீட்டுக்கு வேண்டாம். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். அவர்களை எந்த மோனிகா பார்த்துக்கொள்வாள்? அவர்கள் வீட்டில் நானே போய்ச் சொல்லிவிட்டேன். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். தெருவில் பதினோரு பேர் போகிறோம். பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். உனக்கு ரயிலில் நாலு ஸ்டேஷன்தான். நீ வந்து உன் வாயால் சொன்னால் உன் பக்கத்தில் நான் நிற்பேன், என்ன ஆனாலும் நிற்பேன். வராவிட்டால் மனுவோடு உன் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

டிரம்மில் அல்லி பூத்துவிட்டது. ஸ்நேகா பார்க்காமல் போய்விட்டாள்.

என் கையில் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்றில் நம் போர் தண்ணீர், கலெக்டருக்குக் காட்ட. இன்னொன்று கடையில் வாங்கிய தண்ணீர், உனக்கு. அதையாவது என் கையால் வாங்கிக் குடி.

அக்கா