நாற்பத்தேழாம் இலக்க லொக்கர்

அண்ணை,

வோபர்னில் நீங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் இன்று காலை நின்றேன். உங்கள் பெட்டியில் அந்த வெள்ளை ஒட்டுநாடா இன்னும் இருக்கிறது. தடித்த கறுப்பு மையில், பெரிய எழுத்துகளில், உங்கள் பெயர். கட்டடப் பராமரிப்பாளர் அதை உரித்துவிடும்படி பணிவாகவே கேட்டார். நாடாவின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

அந்தக் கையெழுத்தை நான் முதலில் கண்டது தலைக்கவசங்களின் நெற்றியில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வாதாடிய நான், இங்கே மறுபடியும் சட்டப் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நகரத்தின் தொழில்முறை உதைபந்துக் கழகம் கோடையின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் பயிற்சி முகாம் நடத்தும். அங்கே உபகரண அறையில் நீங்கள் பல வருடம் பார்த்த வேலைக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டபோது, முகாமையாளரிடம் என் பெயரைச் சொன்னீர்கள். அது அமெரிக்கர்களின் உதைபந்து என்பதைக்கூட அறியாமல் வந்து சேர்ந்தேன். முதல் நாள் மைதானத்தோரம் நின்று நீங்கள் தந்த விளக்கம் நினைவிருக்கிறது.

“உதைபந்து எண்டு பேர், ஐசே. பந்தைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டெல்லோ ஓடுறாங்கள். உதைக்கிறதுக்கெண்டு ஒருத்தனைத் தனிய வைச்சிருக்கிறாங்கள். அவன் பாவம், வாங்கிலையே இருக்கிறான்.”

பழைய வீரர்களை எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கு அப்பால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து அணியில் இடம் தேடி வந்த புதியவர்களை ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அவர்களின் தலைக்கவசத்தின் நெற்றியில், ஒட்டுநாடாவில் எழுதிய பெயர்ப்பட்டி ஒட்டவேண்டும். அதை எழுதுவது உங்கள் வேலை. முகாம் முடியுமுன் அவர்களில் பெரும்பகுதியினர் திருப்பி அனுப்பப்படுவார்கள். அப்போது பட்டி உரியும், லொக்கர் காலியாகும். ஆனால் நீங்கள் ஒரு பட்டியைத்தானும் உரித்து நான் கண்டதில்லை. பயிற்சியாளரின் அறையில் செய்தியைக் கேட்டுவிட்டு அந்த இளைஞன் வரும்வரை காத்திருந்து, கவசத்தை அவன் கையில் கொடுப்பீர்கள். அவனே உரிப்பான். அதை நான் வெறும் தாமதம் என்று எண்ணியிருந்தேன்.

ஜோர்ஜியாவில் இருந்து வந்த நாற்பத்தேழாம் இலக்கக்காரனை மறந்திருக்க மாட்டீர்கள். புதியவர்கள் சாப்பாட்டு மண்டபத்தில் கதிரையில் ஏறித் தங்கள் கல்லூரிப் பாட்டைப் பாடவேண்டும் என்பது பழைய வீரர்கள் வைத்த வழக்கம். இவனுக்குப் பாட்டு மறந்துபோயிற்று. மேசைகள் எல்லாம் கூச்சலிட, கண்ணை மூடித் தேவாலயப் பாட்டொன்றைப் பாடிமுடித்தான். கதவடியில் துவாய்க் கட்டோடு நின்ற நீங்கள் மட்டும் கைதட்டினீர்கள். அன்றிலிருந்து அவன் எங்களைக் காணும்போதெல்லாம் மரியாதையாக ‘சேர்’ என்றான்.

என் இரண்டாவது வாரத்தில், ஒரு காலை ஆறரை மணிக்கு, நீக்கப்படுபவர்களின் பட்டியல் வந்தது. நீங்கள் சலவைக்கூடத்துக்குப் போயிருந்தீர்கள். யாரும் எட்டிப் பார்த்து அறிந்துவிடக்கூடாது என்பதற்காக அதில் பெயர்கள் இல்லை, இலக்கங்கள் மட்டுமே. நாற்பத்தேழும் இருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய எழுத்து. பட்டியலைத் தயாரித்தவரின் முதலெழுத்து என்று கொண்டேன். நீங்கள் வருமுன் முடித்துவைத்தால் மெச்சுவீர்கள் என்றும் எண்ணினேன். கவசத்தின் பட்டியை உரித்துக் குப்பையில் போட்டேன். சப்பாத்துகளையும், ஒரு பெண்ணும் குழந்தையும் இருந்த படத்தையும் கறுப்புப் பையில் இட்டுக் கட்டினேன்.

எப்போதும் முதலாவதாக வருபவன் அன்றும் முதலாவதாக வந்தான். காலி லொக்கரைப் பார்த்தான். பையைப் பார்த்தான். எதுவும் கேட்காமல், “நன்றி சேர்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

சலவை வண்டியோடு திரும்பிய நீங்கள் லொக்கரின் முன் அப்படியே நின்றீர்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தீர்கள்.

“ஐசே லோயர், உது மற்ற நாப்பத்தேழெல்லோ.”

முகாமில் ஆட்கள் அதிகம், இலக்கங்கள் போதாது. ஆகவே தாக்கி ஆடும் பக்கத்தில் ஒருவனுக்கும் தடுத்து ஆடும் பக்கத்தில் ஒருவனுக்கும் ஒரே இலக்கம் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் என்பதைத்தான் அந்தச் சிறிய எழுத்துச் சொல்லியிருக்கிறது. நீக்கப்பட்டவன் அடுத்த வரிசையில் இருந்த, ஒகையோ மாநிலத்துக்காரன். ஒரு வழக்கு இலக்கம் ஒரு வழக்கையே குறிக்கும் என்று பழகிய எனக்கு, ஓர் இலக்கத்தில் இரண்டு மனிதர் இருக்கலாம் என்று தோன்றவேயில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எட்டு மணிக்குப் பயிற்சி. வராதவனுக்கு முகாமில் இடமில்லை. நீங்களே போய் அவனை அழைத்து வாருங்கள் என்று உங்களைக் கெஞ்சினேன். முகாமையாளருக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

“நீர் எடுத்தனீர். நீர்தான் போய்ச் சொல்லோணும்,” என்றீர்கள். “வேலை போனால் நானும் வாறன், ரெண்டு பேருமாப் போவம். இப்ப ஓடும்.”

ஓடினேன். பெருந்தெருவில், பஸ் நிறுத்தத்து வாங்கில், மடியில் பையோடு இருந்தான். தவறு என்னுடையது, உன்னை யாரும் நீக்கவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

“நிச்சயமாகத் தெரியுமா?”

என் தொழில் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு நிபந்தனை இல்லாமல் நான் பதில் சொன்னதில்லை. அன்று, ஓம், நிச்சயம் என்றேன். எழுந்து என் கூடவே நடந்தான்.

நாங்கள் வந்தபோது லொக்கரை ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தீர்கள். கவசத்தின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. புதிதாக எழுதிய பட்டியை அவன் விரலில் கொடுத்தீர்கள். அவனே ஒட்டினான். சிறிது நேரத்தில் ஒகையோக்காரன் சிவந்த கண்களோடு பயிற்சியாளரின் அறையில் இருந்து வந்து, தன்னுடையதைத் தானே உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் துவாய்களை மடித்துக்கொண்டு ஏன் அப்படி என்று சொன்னீர்கள்.

“இஞ்சை வந்து முதல் வேலை செய்த ஃபக்ரரியிலை, ஒரு திங்கக்கிழமை போறன், என்ரை லொக்கர்ப் பூட்டை வெட்டியிருக்கு. சாப்பாட்டுப் பெட்டி கறுப்புப் பையுக்கை. வேலை இல்லையெண்டு ஒருத்தரும் வாயாலை சொல்லேல்லை, ஐசே. பூட்டுத்தான் சொன்னது.”

உங்களையும் சேர்த்தே அந்தக் காலை நான் ஒரு பையில் கட்டியிருந்தேன். நீங்கள் அதற்காக ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

ஜோர்ஜியாக்காரன் இன்னும் ஒன்பது நாள் இருந்தான். அவனுடைய இலக்கம் சரியான எழுத்தோடு வந்த காலை, பயிற்சியாளரிடம் போய் வந்தவனிடம் கவசத்தைக் கொடுக்கும்படி என்னை முன்னே அனுப்பினீர்கள். பட்டியை உரித்தபடி, “இந்த முறை நிச்சயம்தானே, சேர்?” என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் சட்டத்தொழில் அனுமதி கிடைத்து முகாமை விட்டேன். அகதி வழக்குகள்தான் அதிகம். நிராகரிப்புக் கடிதம் வந்தால் உரியவரை அழைத்து, எதிரே இருத்தி, என் வாயால் சொல்லும்வரை கோப்பு அதன் இடத்திலேயே இருக்கும். அலுவலகத்தில் உள்ளவர்கள் அதைத் தாமதம் என்று எண்ணுகிறார்கள் போலும்.

மூன்று கிழமைக்கு முன், ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்ற காலையிலும், தாதி உங்கள் மகளுக்குத் தொலைபேசியில் அறிவிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் இருக்கும் யூனியன்விலுக்குக் காரை எடுத்தேன். கதவைத் திறந்தவளை எதிரே இருத்தி, என் வாயால் சொன்னேன்.

“அங்கிள், ஷுவரா?” என்றாள்.

“ஓம், பிள்ளை.”

இன்று பராமரிப்பாளருக்கு மூன்று வரியில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வாடகை மாத முடிவுவரை செலுத்தப்பட்டுள்ளது. அதுவரை அந்தப் பெட்டி குடியிருப்பாளருக்கு உரியது. பெயரை அகற்ற எவருக்கும் உரிமை இல்லை. இத்தனை சிறிய ஒட்டுநாடாவுக்கு எழுத்தில் அறிவித்தலா என்று அவர் வியந்திருக்கக்கூடும். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, அண்ணை. அதுவரை பெயர் அங்கேயே இருக்கும். கடைசி நாள் உங்கள் மகள் வருவாள். நான் பக்கத்தில் நிற்பேன். உரிக்கும் கை அவளுடையதாக இருக்கும்.