மச்சானைவிட ஆறு கூடுதல்

மார்ச் 3
மூத்திரம் முட்டி, பேருந்தை நடுவழியில் நிறுத்திவிட்டுப் புதருக்குள் ஓடினேன். இந்த வாரம் மூன்றாவது முறை. திரும்பி வந்தால் பயணிகள் கைதட்டுகிறார்கள். "அண்ணே, போர்டுல இதையும் ஒரு ஸ்டாப்பா எழுதிடலாமா?" என்கிறான் கண்டக்டர்.

மார்ச் 19
புராஸ்டேட்டில் புற்றுநோயாம். ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி, ஊசி போட்டு அதை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். ஆம்பளையாவே போய்ச் சேர்றேன், உங்களுக்கென்ன?
மனைவி கேட்டாள்: "போறேன் போறேன்னா, நான் எங்க போறது?"

மார்ச் 27
டாக்டரம்மா ஓர் ஆய்வு செய்கிறார். இந்த நோய் உள்ள ஆண்கள், இல்லாத ஆண்கள், இரு தரப்புக்கும் ஹார்மோன் அளவு பார்ப்பது. ரத்தம் மட்டும் கொடுக்கிறேன் என்றேன். நோயில்லாத தரப்புக்கு மனைவியின் அண்ணன் வந்தான். "யாருக்குச் சத்து அதிகம்னு பாத்துடலாம் மாப்ள!"
மூன்று நாளாக அவன் முட்டையாய் விழுங்குகிறான். நான் டிப்போ கழிவறைக்குப் பின்னால் தண்டால் எடுத்தேன். எட்டு. ஒன்பதாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 5
அவனுக்கு 412. எனக்கு 418! வராந்தாவிலேயே மீசையை முறுக்கினேன்.
டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதாங்க. நாளைக்கு எடுத்தா மாறிடும். இத வச்சு யாருக்கு நோய்னு என்னாலயே சொல்ல முடியாது."
"அப்புறம் எதுக்கும்மா இறக்கணும்?"
"உங்க ஒடம்புல கட்டி வளந்துடுச்சே. இருக்கிற ஹார்மோனத் தின்னுதான் இன்னும் வளருது."
அப்படியா சேதி? எனக்குக் குழி வெட்டுபவனுக்கு நானே மூன்று வேளை பந்தி வைப்பதா? கிடடா பட்டினி!
சட்டையைத் தூக்கினேன். "போடுங்கம்மா ஊசிய."

ஜூலை 12
என் எண் இப்போது 14.
"பதினாலுதானா?" என்று மச்சான் இழுத்தான். "பதினால வச்சுக்கிட்டு அறுபது பேர மேட்டுல ஏத்துறேன். நீ நானூத்த வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறு பாப்போம்" என்றேன்.

ஜூலை 20
ஞாயிறு மதியம். திடீரென்று உடம்பெல்லாம் தீயாய்க் காந்தி, வியர்த்துக் கொட்டியது. மனைவி மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். "எனக்குத் தீட்டு நின்னப்போ இதே மாதிரி வந்துச்சு, நடிக்கிறேன்னீங்களே. இப்ப நடிங்க." சிரித்துக்கொண்டே பக்கத்தில் படுத்து, என் மார்பில் கை வைத்தாள்.
முன்பெல்லாம் அந்தக் கை பட்டால் போதும். இன்று ஒன்றுமில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும். "கை கனக்குதா?" என்றாள்.
"உன் கை எப்போ கனக்காம இருந்துச்சு?" என்றேன்.
எடுத்துடாத, அப்படியே வச்சிரு — அதைத்தான் சொல்லவில்லை.